பைத்துல் முகத்தஸின் இரு அழிவுகளும் நமக்குரிய படிப்பினைகளும்

 



நம் பள்ளிவாசலின் ஓராண்டு வரவு செலவுக் கணக்கு இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெற்றுள்ளது. அதைப் படித்துப் பார்த்து, சரி எது, பிழை எது என்று கேட்கும் உரிமை உங்கள் அனைவருக்கும் உண்டு. வரலாறும் ஒரு வகையில் கணக்கேடுதான். முன் சென்ற சமுதாயங்கள் எதைப் பெற்றன, எதைத் தொலைத்தன, ஏன் தொலைத்தன என்பதை அது காட்டுகின்றது. அந்த ஏட்டில் பெரிதும் சிந்திக்கத்தக்க ஒரு பக்கத்தை இங்கு உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். பனூ இஸ்ராயீல் மக்களின் இறையில்லமாகிய பைத்துல் முகத்தஸ் இரண்டு முறை தரைமட்டமாக்கப்பட்ட வரலாறே அது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. யூத மக்களை இழித்துரைக்கும் நோக்கில் இதை நாம் எழுதவில்லை. வேதம் வழங்கப்பட்டவர்கள் அனைவரும் ஒரே தரத்தினர் அல்லர் என்று திருமறையே கூறுகின்றது. அவர்களின் வரலாற்றை அல்லாஹ் நமக்குச் சொல்வது, நம் முகத்தை நாம் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாக அது விளங்க வேண்டும் என்பதற்காகவே. முன்னோரின் வழியைச் சாணுக்குச் சாண், முழத்துக்கு முழம் நீங்களும் பின்பற்றுவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை அறியாதவர் நம்மில் யார்?

நபி ஸுலைமான் (அலை) எழுப்பிய இல்லம்

பூமியில் முதலில் அமைக்கப்பட்ட பள்ளி எது என்று அபூதர் (ரலி) அவர்கள் வினவியபோது, மஸ்ஜிதுல் ஹராம் என்றும், அடுத்தது மஸ்ஜிதுல் அக்ஸா என்றும், இரண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் என்றும் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. எனவே, ஸுலைமான் (அலை) அவர்கள் அவ்விடத்தைப் புதுப்பித்துப் பெரிய அளவில் கட்டியவர்கள் என்று நம் அறிஞர்கள் விளக்கம் தருவர். காலம் கி.மு. 10-ஆம் நூற்றாண்டு.

அந்தக் கட்டடத்தின் அளவை யூதர்களின் வேதநூல்கள் குறித்து வைத்துள்ளன. நீளம் 60 முழம், அகலம் 20 முழம், உயரம் 30 முழம். கட்டி முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. லெபனான் மலையிலிருந்து தேவதாரு மரங்கள் கொண்டுவரப்பட்டன. வாயிலில் இரண்டு மாபெரும் வெண்கலத் தூண்கள் நின்றன. ஒரு முழம் ஏறத்தாழ ஒன்றரை அடி என்று கொண்டால், தொண்ணூறு அடி நீளமும் முப்பது அடி அகலமும் உள்ள கட்டடம் அது. இன்று நம் ஊர்களில் எழும் பல பள்ளிவாசல்களைவிடச் சிறியதுதான். அதன் சிறப்பு அளவில் இல்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

கட்டி முடித்தபின் ஸுலைமான் (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் மூன்று வரங்கள் கேட்டார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அல்லாஹ்வின் தீர்ப்புக்கு ஒத்த தீர்ப்பு வழங்கும் ஆற்றல் ஒன்று. தமக்குப்பின் எவருக்கும் வாய்க்காத ஆட்சி மற்றொன்று. தொழுகையை மட்டுமே நாடி இவ்வில்லத்திற்கு வருபவர், பிறந்த நாளன்று இருந்ததைப் போல் பாவம் நீங்கித் திரும்ப வேண்டும் என்பது மூன்றாவது. கட்டடம் என்றென்றும் நிற்க வேண்டும் என்ற வேண்டுதல் இம்மூன்றிலும் இல்லை. முதல் வேண்டுதலே நீதியைப் பற்றியது என்பதை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

திருமறை கூறும் நியதி

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 4 முதல் 8 வரையுள்ள வசனங்கள் இவ்விரு அழிவுகளையும் சுருக்கமாகப் பேசுகின்றன. அவர்கள் பூமியில் இரு முறை குழப்பம் விளைவிப்பார்கள் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. முதல் முறை வந்தபோது, கடும் வலிமை கொண்டோர் அனுப்பப்பட்டு வீடுகளுக்குள் ஊடுருவினர். பின்னர் செல்வமும் மக்கட்பேறும் தந்து மீண்டும் வாய்ப்பளிக்கப்பட்டது. நன்மை செய்தால் அது உங்களுக்கே, தீமை செய்தாலும் அது உங்களுக்கே என்று உணர்த்தப்பட்டது. இரண்டாம் முறை வந்தபோது, பள்ளிக்குள்ளேயே பகைவர் நுழைந்து கைப்பட்டதையெல்லாம் அழித்தனர்.

அப்படையினர் யார் என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜாலூத் என்போரும், ஸன்ஹாரீப் என்போரும், பாபில் அரசன் புக்து நஸ்ஸர் என்போரும் உளர். முதல் அழிவு பாபிலியராலும் இரண்டாவது ரோமானியராலும் நிகழ்ந்தது என்று பிற்கால அறிஞர் பலர் கொள்வர். இக்கட்டுரையில் நாமும் அதையே பின்பற்றுகின்றோம்.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒரு சொல் உண்டு. படையெடுத்து வந்தவர்களை அல்லாஹ் "இபாதன் லனா", அதாவது நமக்குரிய அடியார்கள் என்று குறிப்பிடுகின்றான். பாபிலியர் சிலை வணங்கிகள், கொடியோர். ஆயினும் படைப்பு என்ற வகையில் அவனுடைய ஆட்சிக்கு உட்பட்டவர்கள். தன் இல்லத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அநீதி இழைப்போரைத் திருத்த, தன்னை அறியாதோரையும் அவன் கருவியாக்குவான் என்பதே இதன் கருத்து.

முதல் அழிவு

ஸுலைமான் (அலை) அவர்களுக்குப்பின் அரசு இரண்டாகப் பிளந்தது. வடக்கே பத்துக் கோத்திரங்கள்; தெற்கே யூதா. வடக்கு அரசை அஸீரியர்கள் கி.மு. 722-ஆம் ஆண்டளவில் அழித்தனர். தெற்கிலிருந்தோர் அதைக் கண்டும் பாடம் பெறவில்லை. இறையில்லம் நம்மிடம் இருக்கின்றது, நமக்கு எதுவும் நேராது என்று நம்பியிருந்தனர்.

அந்த நம்பிக்கையைக் கண்டித்தவர்கள் இர்மியா (அலை) அவர்கள். யூதர்களின் வேதநூல் தரும் செய்திப்படி, அவர்கள் இறையில்லத்தின் வாயிலிலேயே நின்று பேசினார்கள். அந்நியரையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்குவதை நிறுத்துங்கள். இல்லையேல் இந்த இல்லத்தின் பெயர் உங்களைக் காக்காது என்பதே அவர்கள் உரையின் சாரம். இஸ்ராயீலியச் செய்திகளில் நம் மார்க்கத்திற்கு முரணாகாதவற்றை எடுத்துச் சொல்வதில் குற்றமில்லை என்பதால் இதனைக் குறிப்பிடுகின்றோம்.

கி.மு. 597-இல் புக்து நஸ்ஸர் முதல் முறை நகரைக் கைப்பற்றி, இளம் அரசன் யோயாக்கீனைப் பாபிலுக்குக் கொண்டு சென்றான். இது வெறும் செவிவழிச் செய்தி அன்று. அவ்வாண்டில் நகரம் பிடிபட்டதைப் பாபிலியரின் களிமண் பலகை ஒன்று கூறுகின்றது. சிறைப்பட்ட அந்த அரசனுக்கும் அவன் மக்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்குப் பலகைகளும் பாபிலின் இடிபாடுகளில் கிடைத்துள்ளன. அரசனாக இருந்தவன், அந்நிய நாட்டின் அளவுப் பட்டியலில் ஒரு வரியாகிப் போனான்.

அதன் பின்னும் மக்கள் திருந்தவில்லை. அடுத்து அமர்த்தப்பட்ட அரசன் சிதேக்கியா பாபிலுக்கு எதிராகக் கிளர்ந்தான். மீண்டும் முற்றுகை. அப்போது நடந்த ஒரு நிகழ்ச்சி நம் உள்ளத்தை உலுக்குகின்றது. தம் இனத்தைச் சேர்ந்த அடிமையை ஆறு ஆண்டுகளுக்குப்பின் விடுவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். தலைமுறை தலைமுறையாக அதை மீறி வந்தவர்கள், பகைவன் வாயிலில் நின்றதும் அஞ்சி, இறையில்லத்தில் ஒப்பந்தம் செய்து அடிமைகள் அனைவரையும் விடுவித்தனர். சில நாட்களில் எகிப்தியப் படை வருவதாகச் செய்தி பரவ, பாபிலியர் முற்றுகையைத் தளர்த்தி விலகினர். ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணியவர்கள் உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? விடுவித்த ஏழைகளைத் தேடிப் பிடித்து மீண்டும் அடிமைகளாக்கிக் கொண்டனர்! துன்பத்தில் தவ்பா, இன்பத்தில் பழைய நிலை. பாபிலியர் திரும்பி வந்தனர்.

உண்மையுரைத்த இர்மியா (அலை) அவர்களைச் சேறு நிறைந்த கிணற்றில் இறக்கினர் தலைவர்கள். அவர்களைக் கயிறு கட்டி மேலே தூக்கியவர் கூஷ் நாட்டைச் சேர்ந்த ஓர் அரண்மனைப் பணியாளர். நகரம் வீழ்ந்தபோதும் அவர்கள் காவலில்தான் இருந்தார்கள். விடுதலை அளித்தவர்கள் பாபிலியரே. தம் நபியைத் தாமே சிறைவைத்து, பகைவன் வந்து விடுவிக்கும் நிலைக்குத் தாழ்ந்த சமுதாயத்தை எந்தச் சுவர்தான் காக்கும்?

கி.மு. 587 அல்லது 586-இல் சுவர் உடைந்தது. இறையில்லம் தீக்கிரையானது. வெண்கலத் தூண்கள் துண்டு துண்டாக்கப்பட்டுப் பாபிலுக்குச் சென்றன. தப்பியோடிய சிதேக்கியா பிடிபட்டான். அவன் கண்முன்னே அவன் மக்கள் கொல்லப்பட்டனர். பின்னர் அவன் கண்கள் பறிக்கப்பட்டன.

இரண்டாம் அழிவு

பாழடைந்த ஊர் ஒன்றைக் கடந்து சென்ற ஒருவர், இதை அல்லாஹ் எவ்வாறு உயிர்ப்பிப்பான் என்று வியந்ததையும், நூறாண்டு மரணத்திற்குப்பின் அவர் எழுப்பப்பட்டதையும் ஸூரத்துல் பகராவில் ஓதுகின்றோம். அவ்வூர் பைத்துல் முகத்தஸே என்பர் விரிவுரையாளர் பலர். அவ்வாறே அது மீண்டும் உயிர் பெற்றது. பாரசீக மன்னர் சைரஸ் கி.மு. 539-இல் பாபிலை வென்று மக்கள் ஊர் திரும்ப வழிவிட்டார். கி.மு. 516-ஆம் ஆண்டளவில் இரண்டாம் இல்லம் எழுந்தது. பிற்காலத்தில் ஹெரோது மன்னன் அதைப் பெருஞ்செலவில் விரிவாக்கினான். அதன் அழகை வியக்காதவர் இல்லை.

கி.பி. 66-இல் யூதர்கள் ரோமுக்கு எதிராக எழுந்தனர். கி.பி. 70-இல் ரோமப் பேரரசரின் மகன் டைட்டஸ் நான்கு பெரும் படையணிகளுடன் நகரைச் சூழ்ந்தான். அது பெருநாள் காலம். யாத்திரிகர்களால் நகரம் நிரம்பியிருந்தது. சுவர்கள் மூன்று அடுக்கு. தானியக் களஞ்சியங்களும் நிறைந்திருந்தன. பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கத்தக்க தானியம் என்று எழுதுகிறார் அக்காலத்து வரலாற்றாசிரியர் ஜோஸிஃபஸ்.

அந்தத் தானியம் என்னவாயிற்று? ரோமானியர் கொளுத்தவில்லை. நகருக்குள் மூன்று கட்சியினர் இருந்தனர். எலியாஸரின் கூட்டம் இறையில்லத்தின் உட்பகுதியைப் பிடித்துக்கொண்டது. யோவானின் கூட்டம் வெளிப்பகுதியை. சீமோனின் கூட்டம் மேல்நகரை. வழிபட வந்தவர்கள் இவர்களின் சண்டையில் எறியப்பட்ட கற்களாலும் அம்புகளாலும் இறையில்லத்திலேயே மடிந்தனர். ஒருவர் கையில் மற்றவர் உணவு சிக்கக்கூடாது என்பதற்காகக் களஞ்சியங்களுக்குத் தாங்களே தீ வைத்தனர். யூத அறிஞர்களின் தல்மூத் நூலும் தானியம் எரிக்கப்பட்டதை உறுதி செய்கின்றது. பகைவனின் இடிகருவி சுவரில் மோதிய ஓசை கேட்டபின்தான் அவர்கள் ஒன்றுபட்டுப் போரிட்டனர். அதற்குள் நகரைப் பசி தின்னத் தொடங்கிவிட்டது. தோல் வாரையும் மென்று தின்றனர் மக்கள்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் இறையில்லம் எரிந்தது. செப்டம்பரில் நகரம் முழுவதும் வீழ்ந்தது. இல்லத்தின் ஏழு கிளை விளக்குத்தண்டை ரோமானிய வீரர்கள் தோளில் சுமந்து செல்லும் காட்சி, ரோம் நகரில் உள்ள டைட்டஸின் வெற்றி வளைவில் இன்றும் செதுக்கப்பட்டு நிற்கின்றது. இறையில்லத்திற்காக யூதர்கள் ஆண்டுதோறும் செலுத்திவந்த காணிக்கைக்கு ஈடான தொகையை, ரோமில் இருந்த ஜுபிடர் சிலையின் கோயிலுக்கு வரியாகச் செலுத்துமாறு கட்டளை பிறந்தது. ஒற்றுமையாக அல்லாஹ்வுக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள், இழிவோடு சிலைக்குக் கொடுக்கும் நிலைக்கு ஆளாயினர்.

ஒரு விருந்தும் அறிஞர்களின் மௌனமும்

முதல் இல்லம் சிலை வணக்கத்தாலும், ஒழுக்கக்கேட்டாலும், கொலையாலும் அழிந்தது. இரண்டாம் இல்லத்தின் காலத்திலோ வேதம் ஓதினார்கள், நற்செயல்களும் புரிந்தார்கள். ஆயினும் காரணமின்றி ஒருவரையொருவர் வெறுத்ததால் அது அழிந்தது. இது நம் தீர்ப்பு அன்று. யூத அறிஞர்களே தங்கள் சமுதாயத்தின் மீது வழங்கிக்கொண்ட தீர்ப்பு. அதனுடன் ஒரு நிகழ்ச்சியையும் அவர்கள் சொல்வர்.

நகரில் ஒருவர் விருந்து வைத்தார். நண்பரை அழைத்துவரச் சென்ற பணியாள், பெயர்க் குழப்பத்தால் பகைவரை அழைத்து வந்துவிட்டான். விருந்தளித்தவர் அவரைக் கண்டதும் எழுந்து போகச் சொன்னார். வந்தவரோ, சபையில் என்னை அவமதிக்காதீர், நான் உண்பதற்குரிய விலையைத் தருகிறேன் என்றார். மறுத்தார். பாதி விருந்தின் செலவைத் தருகிறேன் என்றார். மறுத்தார். முழு விருந்தின் செலவையும் தருகிறேன் என்றார். அப்போதும் மறுத்து, கையைப் பிடித்து வெளியே தள்ளினார். அறிஞர்கள் அந்த விருந்தில் அமர்ந்திருந்தனர். எவரும் வாய் திறக்கவில்லை. அவமானப்பட்டவர் நெஞ்சில் மூண்ட தீ, ரோமானியரிடம் கோள் சொல்லும் அளவுக்கு அவரைக் கொண்டு சென்றது. அதிலிருந்தே அழிவு தொடங்கியது என்பர்.

அவமதித்தவரின் குற்றம் ஒரு பங்கு. வாய்மூடி இருந்த ஆலிம்களின் குற்றம்? இதை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு நம் நினைவே வருகின்றது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் ஊரில், தம் மகளின் நிக்காஹுக்காகத் தஃப்தர் கேட்டு ஓர் ஏழைத் தகப்பனார் ஜமாஅத் அலுவலகத்தின் வாசலில் நின்றார். மூன்று ஆண்டுச் சந்தா பாக்கி. அதைக் கட்டினால்தான் தஃப்தர் என்று பலர் முன்னிலையில் சொல்லப்பட்டது. நாமும் அங்கே அமர்ந்திருந்தோம். கையிலிருந்த கிதாபின் பக்கத்தைப் புரட்டினோமே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கடன் வாங்கிக் கட்டினார். நிக்காஹை நாமே நடத்தி வைத்து துஆவும் செய்தோம். அதன்பின் அவர் ஜும்ஆவுக்கு வேறு பள்ளிக்குச் சென்றார் என்று கேள்விப்பட்டோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

உமர் (ரலி) அவர்கள் கண்ட குப்பைமேடு

அழிவுக்குப்பின் அவ்விடம் பல நூற்றாண்டுகள் பாழாய்க் கிடந்தது. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் நகரின் பெயரையே ஈலியா என்று மாற்றினார். கி.பி. 638-ஆம் ஆண்டளவில் அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் அங்கு வந்தபோது, ஸுலைமான் (அலை) அவர்களின் இல்லம் இருந்த இடம் குப்பைமேடாகக் கிடந்தது. பரந்த நிலப்பரப்பை ஆண்ட அந்த கலீஃபா, தம் மேலாடையில் குப்பையை அள்ளி அகற்றத் தொடங்கினார்கள். மக்களும் உடன் சேர்ந்தனர். அந்நகரத்துக் கிறித்தவர்களின் உயிருக்கும் உடைமைக்கும் தேவாலயங்களுக்கும் பாதுகாப்பு வழங்கினார்கள். ரோமானியர் காலந்தொட்டு நகரில் குடியிருக்கத் தடுக்கப்பட்டிருந்த யூதர்களும் முஸ்லிம்களின் ஆட்சியில்தான் மீண்டும் அங்கு வாழ இயன்றது. அல்லாஹ்வின் இல்லம் மீண்டும் எழுந்தது நீதியோடும் பணிவோடும்தான்.

ஆனால் அந்த அமானிதம் நம் சமுதாயத்தின் கையிலும் நழுவியது. கி.பி. 1099-இல் சிலுவைப் படையினர் நகரைப் பிடித்து மஸ்ஜிதுல் அக்ஸாவில் குருதி சிந்தினர். அதற்கு முந்திய ஆண்டு அங்கு நடந்தது என்ன? எகிப்தின் ஃபாத்திமிய முஸ்லிம்கள், ஸல்ஜூக்கியரைச் சார்ந்த துருக்கிய முஸ்லிம்களிடமிருந்து அதே நகரை முற்றுகையிட்டுப் பறித்தார்கள்! சிலுவைப் படை வடக்கே வந்துகொண்டிருக்க, இவர்கள் தங்களுக்குள் சுவர்களை இடித்துக்கொண்டிருந்தனர். நீங்கள் திரும்பினால் நாமும் திரும்புவோம் என்ற கருத்தில் அமைந்த இறை எச்சரிக்கை ஓர் இனத்தாருக்கு மட்டும் உரியது அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பின்னர் கி.பி. 1187-இல் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் அதை மீட்டார்கள். மீட்பதற்கு முன் அவர்கள் நீண்ட காலம் செய்த பணி, சிதறிக் கிடந்த முஸ்லிம் அரசுகளை ஒன்றுசேர்த்ததே.

நமக்குரிய படிப்பினைகள்

முதலாவது, இறையில்லம் தன்னைக் கட்டியவர்களுக்குக் காப்புறுதி அன்று. மினாராவின் உயரமும் பளிங்கின் பளபளப்பும் மறுமையில் நமக்காகப் பேசும் என்று எண்ணி, அண்டை வீட்டு விதவையை மறந்துவிடக்கூடாது.

இரண்டாவது, அழிவு வெளியிலிருந்து வருவதற்கு முன் உள்ளிருந்து தொடங்குகின்றது. டைட்டஸ் வரும் முன்பே தானியம் எரிந்துவிட்டது. நம் மஹல்லாவின் தானியம் எது? ஒருவர் மீது ஒருவர் கொண்ட நம்பிக்கையே. நிர்வாகத் தேர்தலின் பெயரால், குடும்பப் பகையின் பெயரால், கொள்கை வேறுபாட்டின் பெயரால் அதற்குத் தீ வைப்பவர் எக்கட்சியினர் ஆயினும் பசி எல்லார் வீட்டுக்கும் வரும்.

மூன்றாவது, ஆபத்தில் செய்த தவ்பாவை ஆபத்து நீங்கியதும் முறித்துவிடக்கூடாது. நோயிலும் வெள்ளத்திலும் ஏழைக்குக் கொடுத்த கையை, நலம் வந்ததும் மடக்கிக்கொள்வது விடுவித்த அடிமையை மீண்டும் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, மார்க்கம் அறிந்தோர் சபையில் மௌனம் காப்பது நடுநிலை ஆகாது. இது முதலில் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் அறிவுரை.

கஅபாவை நோக்கிய இப்னு உமர் (ரலி) அவர்கள், உன் கண்ணியம் எத்துணை பெரிது. ஆயினும் அல்லாஹ்விடம் ஒரு முஃமினின் கண்ணியம் உன்னைவிடப் பெரிது என்னும் கருத்தில் கூறியதைத் திர்மிதீ நூலில் காண்கின்றோம். கஅபாவின் ஒரு கல்லைப் பெயர்க்க நம் கை துணியுமா? அப்படியிருக்க, ஏழைச் சகோதரர் ஒருவரின் உள்ளத்தை உடைக்க நம் நா எப்படித் துணிகின்றது?

இம்மலரை மூடி வைக்கும் முன், ஜமாஅத்தார் ஒவ்வொருவரும் ஒன்றைச் சிந்திக்குமாறு வேண்டுகின்றோம். நம் மனத்தாங்கலால் பள்ளிக்கு வருவதை நிறுத்திய ஒருவர் நம் தெருவில் உண்டா? உண்டென்றால் இன்று மஃக்ரிபுக்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஸலாம் சொல்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் பள்ளிகளை நீதியாலும் அன்பாலும் நிரப்புவாயாக! எங்கள் உள்ளங்களை ஒன்றிணைப்பாயாக! எங்கள் கைகளாலேயே எங்கள் இல்லங்கள் பாழாவதிலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.